கீழ் மூன்று தட்டுகள்

அந்தத் தொழிற்சாலையில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிக்கே தெரியாது. 'கண்ணாடியக்கா' என்றால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். எந்தப் பாட்டில் கைக்கு வந்தாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பாள். விருந்துக்குப் போன வீட்டில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாலும் அப்படித்தான். கொடுத்தவர்கள் முகம் சுருங்கும். "தப்பா எடுத்துக்காதீங்க, தொழில் புத்தி" என்று அவள் வீட்டுக்காரர்தான் சமாதானம் சொல்வார்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் அங்கே பாட்டில் கழுவத்தான் சேர்ந்தாள். கல்யாணமான பிறகு மாலை வகுப்பில் படித்து, டிப்ளமா வாங்கி, ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாள். அவள் பரீட்சைக்குப் படித்த இரண்டு வருடமும் வீட்டில் உலை வைத்து, துணி துவைத்து, "நீங்க படிங்க அண்ணி, நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்ன ஒரு ஜீவன் உண்டு. அவள் நாத்தனார். வாழப்போன இடத்திலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்து, அண்ணன் வீட்டின் பின்கட்டு அறையில் தங்கிவிட்டவள். குள்ளமான உருவம். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள்.

அந்த அண்ணியும் நாத்தனாரும் பதினோரு மாதமாக ஒரு வார்த்தை நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை என்றால் நம்ப முடிகிறதா?

காரணம் பெரிது. கண்ணாடியக்காவின் வீட்டுக்காரர் கிரேன் ஓட்டியவர். போன வருடம் குடலில் கட்டி வந்து, பாதிக் குடலை வெட்டி எடுத்துவிட்டார்கள். எண்ணெய் ஆகவே ஆகாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், வாய் செத்துப்போச்சு என்று அண்ணன் ஏங்கியதைப் பொறுக்க முடியாமல் சின்னவள் இரண்டு மீன் துண்டைப் பொரித்துக் கொடுத்துவிட்டாள். மறுநாளே அவர் திரும்பவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கண்ணாடியக்கா சொன்னாள்: "உன் பாசமே அவருக்கு விஷம்."

சின்னவள் அழவில்லை. சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் எல்லாப் பேச்சும் அவர் வழியாகத்தான்.

"தண்ணி நின்னுடுச்சுன்னு சொல்லுங்கண்ணா."

"மோட்டார் போடச் சொல்லுங்க அவகிட்ட."

இரண்டு பேரும் அவருக்கு இரண்டு பக்கத்திலும் நின்றுகொண்டிருப்பார்கள். "காது ரெண்டு பேருக்கும் நல்லாத்தானே இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தார். இருவரும் அவரவர் வேலைக்கு நகர்ந்தார்கள். அதற்கப்புறம் தபால்காரர் உத்தியோகத்தை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தார்.

அவருக்கு வேறொரு கஷ்டம் வந்திருந்தது. சாயங்காலம் வெளிச்சம் மங்கினால் கண் தெரிவதில்லை. தம்ளரை எடுக்கக் கை நீட்டுவார், கை இரண்டு விரற்கடை தள்ளிப்போய் மேசையைத் தடவும். சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பார். கண்ணுக்கு வேண்டிய சத்து எண்ணெயில்தான் கரையும், இவர் குடலோ எண்ணெயை ஏற்பதில்லை, ஊசியும் இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். "உங்க கம்பெனியிலேயே ஏதோ பானம் செய்றாங்களாமே. அது வந்தா இவர் பேரை முதல்லயே எழுதறேன்" என்றும் சொன்னார்.

அந்தப் பானம்தான் கண்ணாடியக்காவின் இரண்டு வருட உழைப்பு.

அதைப் பற்றி ஆய்வுத் தலைவர் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். பேச்சுக்குப் பேச்சு துளி துளி என்பதால் அவருக்குத் துளி சார் என்று பெயர். "எண்ணெயை மெஷின்ல அழுத்தி, கண்ணுக்குத் தெரியாத துளியா உடைக்கிறோம். துளி சும்மா இருக்குமா? பக்கத்துத் துளியோட ஒட்டிக்கப் பார்க்கும். அதுக்குள்ள நம்ம பட்டாணிப் புரதம் ஓடிப்போய் ஒவ்வொண்ணுக்கும் ஒரு சட்டையை மாட்டி விட்டுடும். சட்டை போட்ட துளி மரியாதையா தனித்தனியா நிக்கும். அவ்வளவு சின்னத் துளின்னா நோஞ்சான் குடல்கூட வாங்கிக்கும்னு நம்பறோம்." புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிவிட்டுத் தன் சட்டைக் காலரையும் ஒருமுறை இழுத்துவிட்டுக்கொள்வார்.

பானத்துக்குக் கடைசிப் பரீட்சை, அசையா அறை என்கிற தனி அறையில் தொண்ணூறு நாள் அசையாமல் நிற்பது. ஆறு தட்டு அலமாரி. தட்டுக்குப் பன்னிரண்டாக எழுபத்திரண்டு பாட்டில். யாரும் தொடக் கூடாது. தினமும் காலை பத்து மணிக்குக் கண்ணாடியக்கா மட்டும் உள்ளே போய், பாட்டிலுக்குப் பின்னால் டார்ச் அடித்து, மேலே வெள்ளை ஏடு கட்டியிருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். ஏடு கட்டினால் சத்தெல்லாம் மேலே போய்விட்டது என்று அர்த்தம். ஒரு பாட்டிலைப் பல நாள் வைத்துக் குடிக்கிறவருக்கு முதல் நாள் அளவுக்கு மீறிப் போகும், கடைசி நாள் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். நோயாளி விஷயத்தில் இரண்டுமே ஆபத்து. தொண்ணூறாவது நாள் எழுபத்திரண்டில் பாதி, முப்பத்தாறு பாட்டில் ஏடு கட்டாமல் நின்றால் போதும். அவள் கையெழுத்துப் போடுவாள், முதல் தவணை ஆஸ்பத்திரிக்குப் போகும். இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து.

முப்பதாவது நாள் ஏடு கட்டத் தொடங்கியது. ஒரு பாட்டில், இரண்டு பாட்டில், பிறகு தட்டு தட்டாக, முப்பத்தெட்டாவது நாள் ஆறு தட்டிலும். அன்று சாயங்காலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணாடியக்கா வீட்டுக்காரரிடம் சொன்னாள்: "பிரியுதுங்க. பிரிஞ்சா பாஸ் ஆகாது. உங்களுக்கும் வராது." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தடவ நினைத்து, அந்த மங்கலில் தலையணையைத் தடவினார். அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அந்த விசித்திரம் ஆரம்பித்தது.

கீழ் மூன்று தட்டில் கட்டியிருந்த ஏடு காணாமல் போயிருந்தது. மேல் மூன்று தட்டில் அப்படியே இருந்தது. ஒரே நாளில் செய்த பானம், ஒரே மெஷின், ஒரே மூட்டைப் புரதம். கண்ணாடியக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள். கீழ்த்தட்டில் பானம் பால் மாதிரி ஒரே சீராக நின்றது.

"கீழே குளிர்ச்சி அதிகமா இருக்கும்" என்றார் துளி சார். ஆறு தட்டிலும் வெப்பமானி வைத்தார்கள். ஆறும் ஒரே எண்ணைக் காட்டின. ஜன்னல் வெளிச்சமோ என்று கறுப்புத் தாள் ஒட்டினார்கள். ஒன்றும் மாறவில்லை. ஏசி மெக்கானிக் வந்து தரையில் காது வைத்துப் படுத்து, "அதிர்வு எதுவும் இல்ல மேடம், என் முதுகுதான் பிடிச்சுக்கிச்சு" என்று எழுந்து போனார். பாட்டில்களை எண் முன்பக்கம் தெரிகிற மாதிரி அவள்தான் வரிசையாக வைத்திருந்தாள். கீழ்த்தட்டில் மட்டும் எண்கள் அரை வட்டம் திரும்பிக் கிடந்தன. தானாகத் திரும்புமா பாட்டில்?

பொறுக்க முடியாமல் துளி சாரிடம் கேட்டுக்கொண்டு மேல்தட்டிலிருந்து ஆறு பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தாள், கீழிருந்து ஆறை மேலே ஏற்றினாள். மறுநாள் காலை, கீழே வந்த ஆறும் ஏடு போய்ப் பால் மாதிரி ஆகிவிட்டன. மேலே போன ஆறு, பத்து நாளில் ஏடு கட்டிவிட்டன.

"அப்ப தட்டுலதான் ஏதோ இருக்கு" என்றார் காவலாளி. "என் பொண்ணு ஜாதகத்தை அந்தக் கீழ்த்தட்டுல ரெண்டு நாள் வச்சு எடுத்துக்கட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடியக்காவால் சிரிக்க முடியவில்லை. குளிக்கும்போது அதே யோசனை. பஸ்ஸில் அதே யோசனை, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனாள். பத்தொன்பது வருடம் படித்த பாடம் எல்லாம் பொய்யா? பித்துப் பிடித்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அந்த அறைக்குள் தினமும் இன்னொருத்தியும் போய் வந்தாள், காலை ஏழு மணிக்குத் தரை துடைக்க. பானம் அலமாரி ஏறிய மூன்றாம் வாரம் வேலைக்குச் சேர்ந்தவள். வீட்டுக்காரர் கெஞ்சியதால் கண்ணாடியக்காவே, தெரிந்தவள் என்று மட்டும் சொல்லி, சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவள். ஆனால் தொழிற்சாலையில் சின்னவள் எதிரே வந்தால் கண்ணாடியக்கா சுவரைப் பார்ப்பாள், சின்னவள் வாளியைப் பார்ப்பாள். இருவரும் ஒரே வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. துளி சார் ஒருமுறை, "அறைக்கு வேற யாராவது வர்றாங்களா?" என்று கேட்டபோது, "யாரும் இல்ல சார், கூட்டுற பொம்பளைதான்" என்றாள். பொய் சொன்னதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. பாட்டிலைத் தவிர எதையும் அவள் பார்க்கவில்லை.

எழுபத்தொன்பதாவது நாள் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியக்கா வெந்நீரும் மாத்திரையும் ரொட்டியும் பின்கட்டு அறை வாசலில் வைத்துவிட்டு, "சாப்பிடச் சொல்லுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் தட்டு கழுவி, கவிழ்த்து வைத்திருக்கும்.

அந்த ஒன்பது நாளில் கீழ்த்தட்டுகளும் மெல்ல மெல்ல ஏடு கட்டின. எண்பத்தேழாவது நாள் ஒரு பாட்டில்கூட மிச்சமில்லை. எழுபத்திரண்டும் பிரிந்து நின்றன. டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் தரையில் உட்கார்ந்தாள் கண்ணாடியக்கா. இரண்டு வருடம். அவர் கண். எல்லாம் போயிற்று.

எண்பத்தெட்டாவது நாள் உள்ளே போனால், கீழ் மூன்று தட்டு, முப்பத்தாறு பாட்டில், பால் மாதிரி.

போன உயிர் திரும்பி வந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டாள். துளி சார் எண்ணிப் பார்த்துவிட்டு, "எனக்கும் தலை சுத்துது. ஆனா முப்பத்தாறு முப்பத்தாறுதான். நாளன்னைக்கு இப்படியே நின்னா கையெழுத்துப் போட்டுடுங்க. காரணத்தை அப்புறம் தேடிக்கலாம்" என்றார்.

கையெழுத்து. ஒரே ஒரு கோடு இழுத்தால் அவருக்கு மருந்து. ஆனால் காரணம் தெரியாத ஒன்றை எப்படி அவர் வாயில் ஊற்றுவது? அந்த ஒரு கேள்வி அவளைத் தூங்க விடவில்லை.

தொண்ணூறாவது நாள் காலை ஆறே முக்காலுக்கே தொழிற்சாலைக்கு வந்துவிட்டாள். அசையா அறையின் கதவில் முக உயரத்தில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. ஏழு அடித்ததும் அதன் வழியே பார்த்தாள்.

துடைப்பான் சுவரில் சாய்ந்திருந்தது. சின்னவள் அடித்தட்டின் முன் குந்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு பாட்டிலைக் கழுத்தைப் பிடித்து எடுத்தாள். குழந்தையைத் தோளில் மாற்றுகிற மாதிரி மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்தாள், நிமிர்த்தினாள். மூன்று தடவை. வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். இரண்டாம் தட்டுக்கு எழுந்து நின்றாள். மூன்றாம் தட்டுக்குக் கையை நீட்டி எக்கினாள். நான்காம் தட்டு அவளுக்கு எட்டாது.

அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கதவைத் தள்ளியபோதுதான் காதில் விழுந்தது. "பிரிஞ்சுடாதே... எங்கண்ணனுக்குப் போகணும்... பிரிஞ்சுடாதே..."

கையிலிருந்த பாட்டிலோடு சின்னவள் திரும்பினாள். முகம் வெளுத்துப்போயிற்று. பாட்டிலைக் கீழே போடவில்லை, மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என்ன செஞ்சுக்கிட்டிருக்க?"

பதினோரு மாதத்தில் முதல் வார்த்தை. இருவருக்குமே அது யாரோ மூன்றாம் மனிதர் பேசியதுபோல் கேட்டது.

"பிரிஞ்சா பாஸ் ஆகாதுன்னு நீங்கதான் அண்ணன்கிட்ட சொன்னீங்க. அடுப்படியில கேட்டுச்சு. குலுக்கிப் பார்த்தேன், சேர்ந்துக்கிச்சு. மேல எட்டல. ஸ்டூல் போட்டா சத்தம் கேக்குமேன்னு..."

"தொடக் கூடாதுன்னு கதவுல எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?"

"தெரியும் அண்ணி. அண்ணன் தம்ளரைத் தடவறதும் தெரியும்."

கண்ணாடியக்கா கதவை உள்ளே சாத்தினாள். கோபமா, அழுகையா, அவளுக்கே பிடிபடவில்லை. "மண்டு, மண்டு. நீ குலுக்கி நான் கையெழுத்துப் போட்டு, அவர் குலுக்காம குடிச்சிருந்தா? ஒரு நாள் மொத்தச் சத்தும் உள்ள போயி, மறுநாள் வெறும் தண்ணி போயிருக்கும். மறுபடியும் ஆஸ்பத்திரியா?"

சின்னவள் திகைத்து நின்றாள். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற அதே முகம். பிறகு, சின்னப்பிள்ளை சந்தேகம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்: "குலுக்கிட்டுக் குடிங்கன்னு சொன்னா, அவர் குலுக்க மாட்டாரா அண்ணி?"

கண்ணாடியக்கா அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, எண் முன்பக்கம் தெரிகிற மாதிரி தட்டில் வைத்தாள்.

மணி பத்து. மேசைமேல் படிவம். துளி சார் பேனாவின் மூடியைத் திறந்தே வைத்திருந்தார். முப்பத்தாறு பாட்டில் கீழே பால் மாதிரி நின்றன. போட்டுவிடலாம். வீட்டில் சொல்லி அவரைக் குலுக்கிக் குடிக்க வைத்துவிடலாம். அவருக்குச் சொல்லலாம், சரி. அதே பட்டியலில் இருக்கிற முகம் தெரியாத மற்றவர்களுக்கு? தனியாகக் கிடக்கிற கிழவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

பேனாவை வாங்கி, கையெழுத்துக் கட்டத்துக்கு மேலே எழுதினாள்: 'கீழ் மூன்று தட்டுப் பாட்டில்கள் கையால் குலுக்கப்பட்டவை. சேர்த்துக்கொள்ளக் கூடாது. எழுபத்திரண்டும் பிரிந்தன.'

"யார் குலுக்கினது?"

நாக்கு நுனியில் 'கூட்டுற பொம்பளை' என்ற சொல் வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"என் நாத்தனார் சார்."

துளி சார் அவள் எழுதியதை இன்னொரு தடவை படித்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "தினமுமா? எத்தனை தடவை?"

"மூணு தடவை. ஐம்பது நாள். நடுவுல காய்ச்சல் ஒன்பது நாளும் ஞாயித்துக்கிழமையும் இல்ல."

அவர் எழுந்து போய் மேல்தட்டு ஏட்டில் ஒரு சொட்டும், கீழ்த்தட்டுப் பானத்தில் ஒரு சொட்டும் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். பார்த்தார். நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். இரண்டிலும் அதே பொடித் துளிகள், முதல் நாள் பார்த்த அதே அளவு. மேல்தட்டில் கூட்டமாக நெருங்கி நின்றன, அவ்வளவுதான். ஒன்றோடொன்று கலந்து பெரிதாகவில்லை.

"இவ்வளவு குலுக்கியும் சட்டை கிழியல" என்றார் அவர். "நாம குலுக்கிப் பார்க்கவே இல்லியே, ஏன்? குடிக்கிறவன் குலுக்கத்தானே செய்வான்? இது தோத்ததா ஜெயிச்சதான்னு சத்தியமா எனக்குத் தெரியலம்மா."

படிவத்தில் தோல்வி என்றுதான் முத்திரை விழுந்தது. ஒரு வாரத்தில் புதிய எழுபத்திரண்டு பாட்டில் அலமாரி ஏறும், மறுபடி தொண்ணூறு நாள். இந்தத் தடவை கீழ் மூன்று தட்டைத் தினம் குலுக்கவும் ஒரு கட்டம் போட்டார் துளி சார். குலுக்க வேண்டியவள் கண்ணாடியக்கா. சின்னவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அசையா அறைப் பக்கமே போகக் கூடாது, பேக்கிங் பிரிவில் கூட்டினால் போதும். கண்ணாடியக்காவுக்கு அலுவலகத்திலிருந்து என்ன வரும் என்று இன்னும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "இன்னும் மூணு மாசமா?" என்று மட்டும் கேட்டார் அவர். பிறகு சுவரைத் தொட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், மங்கிக்கொண்டிருந்த தெருவைப் பார்த்தபடி நின்றார். எவ்வளவு தெரிந்ததோ. தப்புச் செய்துவிட்டேனா? போட்டிருக்கலாமோ? உண்மையைச் சொன்ன நிம்மதி வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

அடுப்படியில் சின்னவள் முதுகைக் காட்டிக்கொண்டு தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கண்ணாடியக்கா வாசற்படியிலேயே நின்றாள். அலமாரியிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்துத் தண்ணீர் நிரப்பி மூடினாள்.

"எப்படிக் குலுக்கின?"

சின்னவள் வழக்கம்போல அண்ணன் இருந்த பக்கம் திரும்பினாள். "அண்ணா, நான் மெதுவாத்தான் சாய்ச்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள்.

"உன்னைத்தான் கேக்கிறேன். ஒரே மாதிரி குலுக்கணுமாம், இல்லேன்னா கணக்கு வராதாம். எனக்குத் தெரியல. காட்டு."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சின்னவள் பாட்டிலை வாங்கினாள். "கழுத்தைப் பிடிக்கணும் அண்ணி. வெடுக்குனு வேணாம், நுரை கட்டும். இப்படிச் சாய்ச்சு... அடியில இருக்கறது மேல வர்ற வரைக்கும் நிக்கணும்... அப்புறம் நிமிர்த்தணும்."

"இப்படியா?"

"வேகமா பண்றீங்க. நீங்க எப்பவுமே வேகம்தான்."

கண்ணாடியக்கா மறுபடி சாய்த்தாள். இந்த முறை மெதுவாக. சின்னவளின் கை அவள் மணிக்கட்டின் கீழ் வந்து தாங்கிக்கொண்டது.

முன்னறையிலிருந்து அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இரண்டு குரல், அந்த ஒரு 'அண்ணா'வுக்குப் பிறகு நடுவில் அவர் பேர் வரவே இல்லை. எழுந்து, சுவரைத் தொட்டபடி அடுப்படி வாசல்வரை வந்தார். இரண்டு நிழல்கள் தெரிந்தன. எது எவள் என்று அவருக்குப் புரியவில்லை.

"என்ன ஆச்சு?" என்றார் குழப்பமாக. "நான் யார்கிட்டயாவது எதையாவது சொல்லணுமா?"